அசையாமல் ஒரு மணி நேரம்

விடியுமுன் வடக்கேயிருந்து வேன் வரும்.
ஈயப் பெட்டிக்குள் ஊசிமருந்து,
கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் கதிர்.
வழியிலேயே தேய்ந்துகொண்டு வருகிற சரக்கு.
கோவில்பட்டி டோல்கேட்டில் வண்டி நின்றால்
ஒருவருடைய பங்கு அங்கேயே காலி.
அதனால் ஏழு மணி என்றால் ஏழு மணி அண்ணாச்சி,
தாழையூத்தில் கேட் போட்டுவிட்டான் என்று
எட்டரைக்கு வந்து நிற்காதீர்கள்.

முந்தின ராத்திரியே போனில் சொல்லிவிடுவேன்:
ஆறு மணி நேரம் வெறும் வயிறு.
பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். அது மட்டும்.
சாத்தான்குளத்துக்காரர் ஒருவர்
"பதநீர் மருந்துதானேய்யா" என்று
ஒரு செம்பு குடித்துவிட்டு வந்தார்.
விரலில் குத்திப் பார்த்தேன், இருநூற்று அறுபது.
பந்தியில் எல்லோரும் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால்
அளவுக்கு மேல் தின்கிறவனை
எப்படிக் கண்டுபிடிக்க?
திருப்பி அனுப்பினேன்.
பஸ் காசை நினைத்து அவர் திட்டியதில் நியாயம் உண்டு.

சர்க்கரை வியாதி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.
மாத்திரையை, இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
நாள் தள்ளியிருந்தால், பால் கொடுக்கிறவர் என்றால்
நர்ஸ் செண்பகவல்லியின் காதில் போடுங்கள்.
முதல் நாள் மூட்டை தூக்க வேண்டாம்,
வேலை பார்த்த தசையும் சர்க்கரை கேட்கும்.

மைதீன் பாத்துவிடமும் இதைத்தான் சொன்னேன்.
மேலப்பாளையம். ஐம்பத்து மூன்று வயது.
இருபத்தெட்டு வருஷமாக மடியில் சொளவு,
சொளவில் இலை, தூள், நூல்.
ஒரு பீடிகூட இழுத்ததில்லை.
இடது நுரையீரலில்
புளியங்கொட்டை அளவுக்கு என்னவோ.
"ரெண்டு நாளா சொளவத் தொடல வாப்பா" என்றார்.

ஊசி போட்டு இருட்டறையில் படுக்க வைத்தோம்.
கம்பளி போர்த்தினாள் செண்பகவல்லி;
குளிர்ந்தால் கழுத்துக் கொழுப்புகூடச் சர்க்கரை தின்னும்.
பேசக்கூடாது. வெற்றிலை கூடாது. போன் கூடாது.
ஒரு மணி நேரம் சும்மா கிடக்க வேண்டும்,
அவ்வளவுதான்.

கேமராவில் பார்த்தேன்.
கம்பளிக்கு வெளியே இரண்டு கைகள்
இலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன.
உருட்டி, தலை மடக்கி, நூல் கட்டி,
அடுத்தது.
"கைய அசைக்காதீங்கம்மா" என்றேன் மைக்கில்.
"நான் எங்க அசைச்சேன்?"
நிஜமாகவே தெரியவில்லை அவருக்கு.
நின்றன. இரண்டு நிமிஷம்.
மறுபடி உருட்டி, தலை மடக்கி.
ஒரு கட்டுக்கு இருபத்தைந்து என்று
நான் எண்ணத் தொடங்கியிருந்தேன்.

கையைத் தலைக்கு மேல் வைக்கச் சொல்வோம்.
அவருக்குத் தோள் தூக்க வராது.
பக்கத்திலேயே வைத்து, பட்டை போட்டு,
உள்ளே அனுப்பினேன். இருபது நிமிஷம். வலி கிடையாது.

படத்தை யாராவது உங்களிடம் காட்டினால் பயப்படாதீர்கள்.
மூளை எரியும், அது எப்போதும் எரிவதுதான்.
இதயம் அன்றைய மனசுப்படி.
எத்தனை தடவை போய்விட்டு வந்தாலும்
மூத்திரப்பை கறுத்துத் தெரியும்.
மைதீன் பாத்துவுக்கு
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை
இரண்டு கையும் எரிந்தன.

நுரையீரலிலும் ஒரு புள்ளி.
அது என்னவென்று எனக்குத் தெரியாது.
தின்கிறவனைப் படம் காட்டும், பேரைச் சொல்லாது.
டிபியும் தின்னும், ஆறுகிற புண்ணும் தின்னும்,
நீங்கள் நினைத்துக்கொண்டு தூங்காமல் இருக்கிறீர்களே, அதுவும் தின்னும்.
சில கெட்டது சாதுவாக, தின்னாமலே இருக்கும்.
சதை எடுத்துப் பார்த்துத்தான் பேர் வைப்பார்கள்.

கைகளுக்கு மட்டும் எனக்குப் பேர் தெரியும்.
ரிப்போர்ட்டில் டாக்டர் ஒரு வரி எழுதினார்:
முன்கைகளில் தசை இயக்கம். இயல்பானது.

வெளியே இட்லி கொடுத்தோம்.
இன்றைக்கு நிறையத் தண்ணீர் குடிங்க,
சாயங்காலம் வரைக்கும்
சின்னப் பிள்ளைகளை மடியில வைக்காதீங்க,
மாசமா இருக்கிறவங்க பக்கத்துல போகாதீங்க என்றேன்.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:
"சொளவு வச்சிக்கலாமா?"

எங்கள் நோட்டீஸில் எல்லாம் அச்சடித்திருக்கிறது.
இது இல்லை.